ஓடும்போதே ஏறும் பற்றரி

இன்று காலை உரும்பிராயில் ஒரு வயர்க் கடைக்குப் போனேன்.

காருக்குப் பின்னால் இழுத்துப்போக, இரண்டு பேர் படுக்கக்கூடிய சின்ன ரெயிலர் ஒன்றை நானும் கணவரும் செய்திருக்கிறோம். உள்ளே ஒரு லைற், ஒரு ஃபேன், ஒரு பற்றரி. கார் ஓடும்போதே அந்தப் பற்றரி சார்ஜ் ஏற வேண்டும். அதற்குத் தடித்த வயர் கேட்டேன்.

கடைக்காரர் மெல்லிய வயரை எடுத்து வைத்தார். “உது காணும், தங்கச்சி.”

“காணாது, அண்ணை. காரின்ரை முன்பக்கத்திலையிருந்து ரெயிலர் வரைக்கும் போகவேணும். மெல்லிசு எண்டால் பற்றரிக்குப் போய்ச் சேரேக்கை கரண்ட் குறைஞ்சுபோடும்.”

“ரெயிலருக்கை ஆர் படுக்கிறது?”

“நாங்கள்தான். மன்னார்க் கடற்கரையிலை.”

அவர் சிரித்தார். “வீடு வாசல் இருக்க றோட்டிலை படுக்கிறது வெள்ளைக்காரற்றை வேலை. ஓடி ஓடிக் கரண்ட் எடுக்கிறதும் அவையின்ரை விளையாட்டு. எங்கடை ஆக்களுக்கு உது சரிவராது.”

எனக்குப் பொறுக்கவில்லை.

“சண்டைக் காலத்திலை கரண்ட் இல்லாதநேரம் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோக் கரண்டிலை ரேடியோச் செய்தி கேட்டது ஆர், அண்ணை? வெள்ளைக்காரரோ?”

கடையில் நின்ற எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மெல்லிய வயரைத் திரும்ப உள்ளே வைத்தார்.

பிறகு, “எங்கடை வீட்டிலை நான்தான் சுத்துறது” என்றார். தடித்த வயரை எடுத்து அளக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை புறப்படுகிறோம். நாங்கள் றோட்டில் படுக்கப் போகிறோம் என்று கவலைப்படுகிறவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே தாராளமாக எழுதுங்கள். ஃபேன் காற்றில் படுத்துக்கொண்டு வாசிப்பேன்.