ரூசென் திரும்பிப் பார்த்தாள்

கூல்வென் கெர்த்ராவோனுக்கு வாய் கொஞ்சம் நீளம். இதைச் சொல்வது வேறு யாரும் இல்லை, அவர் மனைவி சொவாசிக். ஐம்பத்தேழு வயது மனிதர். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்துவரும் டாங்கர் லாரி ஓட்டுகிறார். பிரான்சின் மேற்கே ப்ரெத்தாஞ் மாகாணத்தின் நடுப்பகுதியில், அந்தச் சேறும் முட்புதருமான பள்ளத்தாக்குகளில், அவருடைய லாரிச் சத்தம் தெரியாத மாடு கிடையாது. ஆனால் ஊரில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது லாரி இல்லை, ரூசென்.

ரூசென் நாய்தான். குட்டைக் கால், கோதுமைக் கதிர் நிறத்தில் சொரசொர முடி, தொங்கு காது. இந்தப் பக்கத்து மோப்ப நாய்ச் சாதி. தரையோடு தரையாக நடக்கிற உடம்பு என்பதால் மூக்கு எப்போதும் மண்ணில்தான் இருக்கும். அந்த வீட்டில் அவளை யாரும் 'அது' என்று சொன்னதில்லை, நாமும் அவள் என்றே சொல்லிவிடுவோம். காலையில் சொவாசிக் உருளைக்கிழங்கு உரிக்கும்போது அவளுடைய செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருப்பாள். நாந்த் நகரத்தில் இருக்கும் மகள் ஃபோன் செய்தால் முதலில் விசாரிப்பது ரூசெனைத்தான், அப்புறம்தான் பெற்றவர்களை. அகலமான தோல்பட்டையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவாள். அந்தப் பட்டை மாட்டினால் வேலை.

வேலை இதுதான். ஞாயிறு வேட்டையில் யாராவது சுட்டு, மிருகம் காயத்தோடு ஓடிவிட்டால் கூல்வெனைக் கூப்பிடுவார்கள். ரூசென் பத்து மீட்டர் கயிற்றின் முனையில் போய், எங்கே விழுந்து கிடக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்துவாள். இதற்கு யாரும் காசு வாங்குவதில்லை. வலியோடு ஒரு ஜீவன் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். நாலு வருஷத்தில் அவள் கோட்டை விட்டது மிகக் கொஞ்சம். கயிறு இழுக்கும்போது ஒரு தடவைகூட அவள் பின்னால் திரும்பிப் பார்த்தது கிடையாது. பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருந்ததில்லை. "நாய்க்குத் தெரியும், உனக்குத் தெரியாது. வாய மூடிட்டுப் பின்னால வா" என்பார் கூல்வென், கூட வருகிறவர்களிடம்.

வந்தவுடன் அவர் கேட்கிற முதல் கேள்வியும் ஊருக்கே மனப்பாடம். சுட்டவன், சுடும்போது மிருகம் நின்ற இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தானா? முடி உண்டா, ரத்தம் உண்டா, எலும்புத் துண்டு உண்டா? தவறிப்போன குண்டு என்று தோன்றினாலும் போய்ப் பார்த்தாக வேண்டும். அதுதான் அங்கே சட்டம். அக்டோபரில் தாங்கி என்ற பால் பண்ணைக்காரன், லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவன், பார்க்காமல் வந்துவிட்டான். இருபத்தைந்து பேர் நடுவில் கூல்வென் அவனை நிறுத்திவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

"குண்டு உன் துப்பாக்கியிலேருந்து போச்சுன்னா, அது எங்க போச்சுன்னு பாக்குறதும் உன் வேலைதான். அதுக்குக் கால் வலிக்குதுன்னா துப்பாக்கிய வித்துட்டு மீன் பிடிக்கப் போ."

தாங்கிக்குக் காது மடல் சிவந்துவிட்டது.  அதற்குப் பிறகு அவன் எந்தக் குண்டையும் பார்க்காமல் விட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு பேசிய மனிதர்தான்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, துப்பாக்கியோடு ஆளுக்கொரு இடத்தில் நிற்கிற வரிசையில் கூல்வெனுக்கு ஏழாம் நிலை கிடைத்தது. பழைய மில் பக்கத்தில், ஓடைக்கு இந்தக் கரை. அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பதினொன்றரை மணிக்கு அக்கரையில் மூன்று காட்டுப்பன்றிகள் கடந்தன. பெரிய பெட்டையைப் பார்த்துச் சுட்டார். அது தடுமாறவில்லை, ஓட்டம் மாறவில்லை, புதரில் போய் மறைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வேட்டை முடிந்ததற்கு ஊதுகொம்பு ஊதினார்கள். ஓடையில் இறங்கி, தொடை உயர முள்ளுக்குள் ஏறிப் பார்க்க வேண்டும். முழங்கால் காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது. வேட்டைச் சங்கத்துக் கொட்டகையில் இறைச்சியும், துணிப்பையில் வேகவைத்த மாவுருண்டையும் ஆறிக்கொண்டிருக்கும். தவறித்தான் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வாக்கிடாக்கியில் சங்கத் தலைவர் ஆர்மெல், கூரை வேய்கிறவர், ஏழாம் நிலை என்ன ஆச்சு என்று கேட்டார்.

"தவறிடுச்சு" என்றார் கூல்வென். அதோடு நிறுத்தியிருக்கலாம். "போய்ப் பாத்தேன், ஒண்ணும் இல்ல."

சாப்பாட்டில் எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள், பால் லாரியைச் சுட்டால் வேண்டுமானால் குறி தப்பாது என்று. அவரும் சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் பால் எடுத்து முடித்துவிட்டு வந்தவரை சொவாசிக் கூப்பிட்டாள். கிறிஸ்துமஸுக்குக் கதவில் கட்ட, முள் இலையும் சிவப்புப் பழமுமான ஹோலிச் செடியின் கிளை வேண்டும், மில் பக்கம்தான் பழம் சிவந்து நிற்கிறது. வேறு பக்கம் போகலாம் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது, காரணம் வரவில்லை. ரூசெனுக்குச் சாதாரணக் கழுத்துப்பட்டைதான் மாட்டியிருந்தது. அவளும் ஊர்சுற்றப் போகிற உற்சாகத்தில்தான் வந்தாள். சற்றுத் தள்ளி இருக்கும் மர நடைபாலம் தாண்டி அக்கரையில் ஹோலிச் செடிக்குப் போகிற வழியில், சட்டென்று மூக்கைத் தாழ்த்தினாள். ஒரு பெரணி இலையின் அடியை நக்கினாள். முதுகு முடி நிமிர்ந்தது. கயிற்றை இழுத்தாள்.

"எதையோ பிடிச்சிட்டா" என்றாள் சொவாசிக். "விடேன், பாப்போம்."

கூல்வென் குனிந்தார். இலையின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு, மழை படாமல் தப்பியது. கருஞ்சிவப்பு என்றால் வயிற்றுக் காயம். சீக்கிரம் சாகாது. அந்த நிறத்தை அவர் எத்தனை பேருக்குக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறார்.  தேட வேண்டுமென்றால் முதலில் ஆர்மெலுக்குச் சொல்ல வேண்டும். எந்தப் பன்றி, யார் சுட்டது, எந்த நிலை, எல்லாம் வரும். போய்ப் பார்த்தேன் என்று சொன்னதும் வரும். கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் துடைத்தார்.

"மான் தடம். வா போலாம்."

ரூசென் வரவில்லை. நாலு காலையும் மண்ணில் ஊன்றி, மெல்லிய குரலில் அழுதாள். அவர் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார், அந்த நாலு வருஷத்தில் செய்யாததை. அப்புறம் பழக்கும் காலத்தில் தவறான தடத்தில் போனால் மட்டும் சொல்கிற அந்தச் சொல்லை உரக்கச் சொன்னார்.

"தப்பு."

அவள் காதை ஒட்டவைத்துக்கொண்டு, வயிறு தரையில் உரச, அவர் காலடிக்கு வந்தாள். சொவாசிக் ஒரு கிளையைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனையே பார்த்தாள். 

செவ்வாய்க்கிழமை காலையில் நாயில்லாமல் தனியாகப் போய்த் தேடினார். மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. மனிதனுக்கு என்ன மூக்கு இருக்கிறது?

வியாழக்கிழமை தாங்கியின் பண்ணையில் பால் குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது அவனே வந்து சொன்னான். கீழ்ப் புல்வெளியில், ஓடை ஓரத்தில், ஒரு பெட்டைப் பன்றி. அவனுடைய அம்மா இரண்டு நாளாகக் கன்று ஏதோ முனகுகிறது என்றே நினைத்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் அவன் போய்ப் பார்த்தால் எழுந்திருக்க முடியாமல் கண்ணைத் திறந்தபடி கிடந்ததாம். அவன்தான் முடித்துவைத்தான்.

"வயித்துல பட்டிருக்கு, மிஸ்யோ கூல்வென். மூணு நாளு உசிரோட கெடந்திருக்கு. அடுத்த ஊரு சங்கத்துக்காரன் எவனோதான். நம்ம ஆளுங்க பாக்காம விடமாட்டாங்க. ஆளு தெரிஞ்சா உங்க கையில ஒப்படைக்கிறேன், நீங்க கேக்குற மாதிரி கேளுங்க."

சொன்னவன் முகத்தில் கேலி இல்லை. அதுதான் அடி. கேலியாக இருந்தால் சண்டை போட்டிருப்பார். பால் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். லாரியில் ஏறி இரண்டு வளைவு தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு, கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இலையைத் துடைத்த கட்டைவிரல் அவர் கண்ணுக்கு வேறு யாருடையதோ போல இருந்தது. வெட்கமாக இருந்தது. இந்த வயசில், இவ்வளவு பேசிவிட்டு.

அடுத்த ஞாயிறு காலை, வேட்டைக்கு முன்னால் எல்லோரும் வட்டமாகக் கூடி நின்றபோது, ஆர்மெல் பாதுகாப்பு விதிகளைப் படித்து முடித்தார். கூல்வென் கை தூக்கினார்.

"தாங்கி புல்வெளியில கெடந்த பன்னி, சுட்டது நான்தான். ஏழாம் நிலையிலேருந்து சுட்டேன். போய்ப் பாத்தேன்னு சொன்னேன். பாக்கல."

திட்டுவார்கள் என்று நினைத்திருந்தார். யாராவது தன்னைப் போலவே நடுவில் நிறுத்திவைத்துக் கேட்டால் கொஞ்சம் ஆறும் என்றுகூட நினைத்திருந்தார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஆர்மெல் பூட்ஸைப் பார்த்தார். தாங்கி ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றி அவர் கையில் கொடுத்தான். சூடு கையைச் சுட்டது, அவர் அப்படியே வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே மூன்று மணிக்கு வேலை வந்தது. மேட்டுக்காட்டில் ஒரு ஆண்பன்றி காயத்தோடு ஓடிவிட்டது. நாயைக் கூட்டி வா என்றார் ஆர்மெல், எதுவும் நடக்காத மாதிரி. கூல்வென் வீட்டுக்குப் போய் ஆணியிலிருந்து தோல்பட்டையை எடுத்தார். ரூசென் வாலை ஆட்டினாள். அவருக்கு உயிர் வந்தது.

ரத்தம் இருந்த இடத்தில் அவள் மூக்கை வைத்தாள். பிடித்துவிட்டாள், கயிறு முறுக்கேறியது. பத்தடி போனாள். நின்றாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, தடத்த விட்டுட்டாளா?" என்றான் பின்னால் ஒருத்தன்.

தடத்தை விடவில்லை. மூக்குக்கு நேர் கீழே இலையில் ரத்தம் பளிச்சென்று இருந்தது. அவள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள், இது சரியா என்று.  "போ, நீ சொல்றதுதான் சரி, போ" என்றார் கூல்வென். போனாள். இருபதடி. மறுபடியும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

பன்றி கிடைத்தது, அரை மணியில் முடிகிற வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் பதினொரு தடவை திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். கூல்வென் மட்டும் அந்தத் தடவைகளை எண்ணியிருந்தார்.

வீட்டில் சொவாசிக் அடுப்பில் சூப் வைத்துக்கொண்டிருந்தாள். ரூசென் போய் வழக்கம்போல் அவள் செருப்பில் தலையை வைத்துக்கொண்டாள். கூல்வென் சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"அன்னைக்கு ஹோலி வெட்டப் போனோமே. அது மான் தடம் இல்ல."

"தெரியும்" என்றாள் அவள். "நீ இலையத் தொடச்சத பாத்தேன்."

 எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார், நிலை, மழை, முழங்கால். சொவாசிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? அவகிட்ட சொல்லு."

கூல்வென் தரையில் உட்கார்ந்தார். ரூசென் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சொற்கள் முப்பது இருக்கும். தேடு, நில், வா, போதும், நல்ல பிள்ளை. ஒவ்வொன்றும் அவரே சொல்லிக் கொடுத்தது. 'தப்பு' என்ற சொல்லும் அதில் இருந்தது. அந்தத் தப்பு அவளுடையது இல்லை என்று சொல்ல மட்டும் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.