பின்சீட்டில் கண்ணை மூடியவர்

அந்த பேக்கரிக்காரருக்கு உயரம் என்றாலே ஆகாது. குடியிருப்பது இரண்டாம் மாடியில். ஆனால் பால்கனிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். துணி காயப்போட வேண்டி வந்தால் கதவருகில் நின்றபடியே கொடியை நோக்கி வீசுவார். பாதி கொடியில் தொங்கும். மீதி கீழ்வீட்டு அம்மாளின் செடிகள்மேல் போய் விழும்.

மனைவி அவருக்கு நேர்மாறு. ஓட்டுநர் பள்ளியில் இருசக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "கிளட்ச்சை மெதுவா விடு, மெதுவா!" என்று நாளெல்லாம் கத்தியதில் அவளுக்கு கிளட்ச் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பழைய டயர்களைச் சுற்றி எட்டுப் போட்டே காலம் போகிறதே, ஒருமுறையாவது மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

ஒருநாள் மதியம் அவர் புருவத்தில் மைதா மாவோடு வேலையிலிருந்து வந்தபோது, சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் விரிந்திருந்தது. பறக்காமலிருக்க ஒரு மூலையில் உப்பு ஜாடி.

"ஏங்க, லீவுல நானும் தங்கச்சியும் மலைக்குப் போறோம். வண்டியில."

"வளைவெல்லாம் இருக்குமே?"

"இருக்காதா பின்னே? கொண்டை ஊசி மாதிரி மேல மேல வளைஞ்சுக்கிட்டே போகுது பாருங்க."

அவர் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தரையில் இருக்கும்போதே தலை சுற்றியது.

தடுத்தால் கேட்கிற ஆளில்லை அவள். போகிறவள் பத்திரமாகவாவது போகட்டும் என்று ஏற்பாடுகளைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். மேலே போக இரண்டு வழிகள். ஒன்று சுரங்கங்கள் வழியாகச் செல்லும் அகலமான புதுச்சாலை. மற்றது ஏரிக்கு மேலே மலைவிளிம்பை ஒட்டிப் போகும் பழைய பாதை. ஏறும்போது பழைய பாதை, இறங்கும்போது புதுச்சாலை என்று முடிவாயிற்று. உச்சியிலிருந்த ஒரு தங்கும் விடுதிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மேல மேகம் எப்படி இருக்கு?"

"இப்பத்தான் ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு. உக்காருன்னேன், நிக்காமப் போயிடுச்சு" என்றார் விடுதிக்காரர். ஆள் வராத பருவம். அவருக்கும் பேச்சுத்துணை வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் பேச்சுதான். பெட்ரோல் எங்கே கிடைக்கும், எந்தத் திருப்பத்தில் லாரி அகலமாக வளைக்கும், எங்கே ஊற்றுத்தண்ணீர் சாலையில் வழியும் என்று துருவித் துருவிக் கேட்டார். மாவு பிசையும்போதும் வாய்க்குள் வளைவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் விடுதிக்காரர் கேட்டார்: "உங்களுக்கு மெத்தை கெட்டியா இருக்கணுமா, மெத்துன்னா?"

"நான் வரலைங்களே. எனக்கு உயரம் ஒத்துக்காது."

"அடப்பாவமே! அப்ப இவ்வளவும் யாருக்குக் கேட்டீங்க?"

"என் வீட்டுக்காரிக்கு."

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது தங்கச்சியின் மகளுக்கு முன்கூட்டியே பிரசவமாகிவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் தங்கச்சியால் நகர முடியாது. கிளட்ச் அக்கா போனில் வாழ்த்திவிட்டு வரைபடத்தை மடித்தாள்.

"நீ மட்டும் போயேன்" என்றார் அவர்.

"பார்த்ததும் 'அங்க பாரு'ன்னு சொல்ல ஆள் வேணாமா? தனியா சுத்தறதுக்கு எனக்கு மைதானமே இருக்கு."

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலில் நின்றார்.

"பின்னாடி உக்கார்றவன் கண்ணைத் திறந்துதான் வெச்சிருக்கணும்னு சட்டம் இருக்கா?"

தண்ணீர்க் குழாய் நின்றது. "என்ன சொன்னீங்க?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

மறுநாள் மாலையே மேம்பாலத்தில் பயிற்சி ஆரம்பமானது. "நான் சாயற பக்கமே நீங்களும் சாயணும். அப்புறம், கொஞ்சம் பிடியைத் தளர்த்துங்க. என் விலா எலும்பு எனக்கு வேணும்" என்றாள்.

மலை ஏறிய காலையில் அவர் சொன்னபடியே கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் வாய் மூடவில்லை. "இப்ப ஒரு கோயில்மணி மாதிரி பாறை வரும். அதுக்கு அப்புறம் தண்ணி வழியற வளைவு, மெதுவாப் போ" என்பார். சொன்னபடியே தண்ணீர் வழியும். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே வண்டி திடீரென்று நின்றது. முன்தினம் சரிந்த மண் பாதிச் சாலையை அடைத்திருந்தது. மீதியிருந்த இடுக்கு வழியாக ஒரு லாரி இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒதுங்க இடம் பின்னால்தான், அதுவும் பள்ளத்துப் பக்கம்.

"இறங்குங்க. வண்டியைப் பின்னாடி விடணும். எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

இறங்கினார். கண்ணைத் திறந்து பின்சக்கரத்தை மட்டும் பார்த்தார். அதைத் தாண்டிப் பார்வையை விடவில்லை. "வா... இன்னும் கொஞ்சம்... மெதுவா, ஒரு முழம் இருக்கு... ஒரு சாண்... போதும், நிறுத்து!" குரல் உடைந்தாலும் கணக்கு தப்பவில்லை. லாரிக்காரர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு உரசாமல் கடந்து போனார்.

அதன்பிறகுதான் அவர் நிமிர்ந்தார். பள்ளம் முழுக்க ஏரி கிடந்தது. அதன்மேல் மேகத்தின் நிழல் ஒன்று நிதானமாக நகர்ந்தது. உடனே பின்வாங்கிப் பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் பதறி வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"பயமா இருக்கா? கண்ணை மூடிக்கோங்க."

"பயமாத்தான் இருக்கு" என்றார். கண்ணை மூடவில்லை. "இரு, அந்த நிழல் கரைக்குப் போய்ச் சேரட்டும்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் நிழலைப் பார்த்திருந்தார்கள்.

விடுதியில் கெட்டி மெத்தையே போட்டிருந்தார்கள். மறுநாள் காலை மனைவி வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் வந்து நின்றார்.

"புதுச்சாலை வேணாம். ஏரிப் பாதையிலயே இறங்கிடலாம்."

"நிஜமாவா?"

"சில வளைவுல மூடிக்குவேன். அதை நீ கண்டுக்காத" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.