ஒரு சாண் அதிகம்

சீட் மாஸ்டர் வாயைத் திறந்தால் தையல் மெஷினே ஒரு நிமிடம் நின்று கேட்கும் என்று அவருடைய மச்சினன் கேலி செய்வான். அத்தி பூத்தாற்போலத்தான் பேசுவார். பஸ்ஸோ காரோ லாரியோ, கிழிந்த சீட்டைக் கழற்றிக்கொண்டுபோய் அவர் கடையில் போட்டால் புதுசாகத் திரும்பி வரும். ரெக்ஸின் வாடையும் பசை வாடையும் அடிக்கிற அந்த நீளமான அறையில் தரையில் உட்கார்ந்து வெட்டி வெட்டியே இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன மனுஷர். அளவு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் மசியமாட்டார். சீட் பெல்ட் நெஞ்சை அழுத்துகிறது, கொஞ்சம் நீளமாக விட்டுத் தையுங்கள் என்று யாராவது கேட்டால் போதும், அன்றைக்கான பேச்சு முழுவதும் அப்போது வந்துவிடும்.

"இறுக்கிப் பிடிக்கத்தான் பெல்ட். தொளதொளன்னு வேணும்னா தோள்ல துண்டு போட்டுக்குங்க. அதுக்கு எங்கிட்ட வர வேணாம்."

வீட்டு வண்டி கட்டி ஊர் ஊராகச் சுற்றும் ஆசை அவருடையதல்ல, மனைவியுடையது. கடையின் கல்லாவிலேயே காலம் போய்விட்டது, இனி எந்த ஊரிலும் இரண்டு ராத்திரிக்கு மேல் தூங்கமாட்டேன் என்று ஒருநாள் அறிவித்துவிட்டாள். அவள் அறிவித்தால் அறிவித்ததுதான், அப்பீல் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட பழைய வேனை வாங்கினார்கள். இன்ஜின் வேலை மச்சினன் பொறுப்பு. அவன் மெக்கானிக். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் தன் ஷெட்டுக்கு மேலேயே ஒரு அறையில் இருந்துகொண்டு, மூன்று வேளையும் அக்கா வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் மாஸ்டர் போட்டார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டை மனைவியின் முதுகுவலிக்காகவே தனியாக ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தார். வண்டி ஷெட்டைவிட்டு நகராத நாட்களிலேயே அவள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்ன இப்படி ஊர்றீங்க, வேகமா போங்க," என்று அதட்டுவாள். வண்டி ரோட்டுக்கு வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள்.

வண்டி ஷெட்டிலேயே நின்றது. மாஸ்டரும் கிட்டத்தட்ட அப்படியே நின்றார். மச்சினன்தான் விடவில்லை.

"இப்படியே நின்னா வண்டி துருப்பிடிக்கும் அத்தான். கூட நீங்களும்தான். எடுத்துட்டுக் கிளம்புங்க."

"நாய்ங்களை என்ன பண்றது?"

"அதுங்களுக்கு மட்டும் ஊர் பாக்க ஆசை இருக்காதா?"

நாய்கள் இரண்டு. பெரியது கடை வாசலில் தானாக வந்து சேர்ந்தது. ஒரு வேலையும் செய்யாமல் வாசற்படியில் படுத்தபடி எல்லோர் வேலையையும் மேற்பார்வை பார்த்ததால் மனைவி அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்திருந்தாள். இப்போது வயதாகி, முகமெல்லாம் நரைத்து, பார்வைக்கு நிஜமாகவே ஓய்வுபெறப்போகிற மேனேஜர் மாதிரிதான் இருந்தது. சின்னவள் பொடி. பேருக்கேற்ற உருவம், பேருக்குச் சம்பந்தமே இல்லாத குரல்.

மாஸ்டர் எதையும் அவசரத்தில் செய்கிறவரல்ல. முதலில் இன்ஜினைப் போடாமலே இரண்டையும் வண்டிக்குள் படுத்துப் பழக விட்டார். பிறகு வண்டியை நிறுத்திவைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டார். பிறகு தெருக்கோடி வரை ஒரு சுற்று. அந்த முதல் சுற்றிலேயே பொடி வாந்தியெடுத்து, புறப்படும் முன் வயிறு முட்டப் போடக்கூடாது என்பதைக் கற்றுக்கொடுத்தாள். வழுக்காமலிருக்கத் தரையில் ரப்பர் விரித்தார். பொடிக்கு ஒரு பெட்டி செய்து, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, தரையோடு போல்ட் போட்டு முடுக்கி, மேலே ஒரு பழைய போர்வையைப் பாதி மூடினாற்போல் போட்டார். இருட்டாக, கதகதப்பாக இருந்ததோ என்னவோ, அதற்குள் போனதும் அந்தப் பெருங்குரல் அடங்கிவிட்டது. மேனேஜருக்குக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இடம். கழுத்துப்பட்டையில் மாட்டினால் பிரேக் போடும்போது கழுத்து முறியும் என்று நெஞ்சைச் சுற்றி வருகிற மாதிரி பட்டை தைத்து, அதைத் தரையில் ஒரு வளையத்தோடு குட்டையான பெல்ட்டால் மாட்டினார். எல்லாம் கச்சிதம்.

கிளம்பிய அன்று தெருமுனை தாண்டவில்லை. பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதில் முதுகுக்காக அவர் வைத்துத் தைத்த மேடு அப்படியே யாரோ வரப்போவதுபோல் காத்திருந்தது. அவரால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தி, பின்னால் போய், மேனேஜரை அவிழ்த்துக் கூட்டிவந்து அந்த சீட்டில் ஏற்றினார். சீட்டின் அடியில் பெல்ட்டை மாட்டினார். மேனேஜர் ஒருமுறை முனகிற்று. அவ்வளவுதான், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பெல்ட்டைப் பிரித்து ஒரு சாண் கூட்டித் தைத்துவிட்டார். இப்போது மேனேஜர் தலையைக் கொண்டுவந்து அவர் தொடையில் வைக்க முடிந்தது. தலை கனம். எச்சில் பேண்ட்டை நனைத்தது. மனைவி போனதற்குப் பிறகு அவர் மேல் பட்ட முதல் சூடு அதுதான். அழுதார். நாய்க்கு முன்னால் அழுவதில் ஒரு வெட்கமும் இல்லை.

வழியனுப்பத் தெருமுனை வரை கூடவே வந்த மச்சினன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"என்ன அத்தான், ஊருக்கெல்லாம் அளவு பாத்துத் தைக்கிறவரு, இதை மட்டும் துணி காயப்போடுற கொடி மாதிரி விட்டிருக்கீங்க?"

"வயசான நாய்டா. அசைய கொள்ள இடம் வேணாமா?"

மச்சினன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

வீட்டு வண்டி என்றால் ஊரெல்லாம் சிநேகிதம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் இரண்டு நாய்களோடு போய்ப் பார்க்கட்டும். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் அவற்றை விட்டுவிட்டு ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. உள்ளே அடுப்பாகக் கொதிக்கும். ஆகவே எங்கே போனாலும் பார்சல்தான், வண்டிப் படியில் உட்கார்ந்து சாப்பாடுதான். மற்ற வண்டிக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பொடியின் குரலைக் கேட்டதும் நாலு வண்டி தள்ளி நிறுத்திக்கொள்வார்கள். பெட்ரோல் போடுமிடத்தில் யாராவது எட்டிப்பார்த்து, "கேரவனா சார்? உள்ள எந்த நடிகரு?" என்று கேட்டால், "நடிகர் இல்லைங்க, மேனேஜர் மட்டும்தான்," என்பார். அவர்கள் சிரிப்பார்கள். பல நாட்களில் அவர் மனிதர்களோடு பேசிய பேச்சு அது ஒன்றுதான். மற்றபடி கடலோரம், மலைச்சாலை, லாரி நிற்கிற மைதானம், எல்லா இடத்திலும் அவர் பாட்டுக்கு ஓட்டினார், தொடையில் அந்தத் தலை இருந்தது. அது இருக்கும்வரை பரவாயில்லை என்றிருந்தது.

ஒருநாள், நல்ல பகல் நேரம். இறக்கமான சாலை. பக்கத்துச் சந்திலிருந்து ஒருவர் சைக்கிளின் பின்னால் ஏணியைக் கட்டிக்கொண்டு, சாலை தன் அப்பன் வீட்டுச் சொத்து என்பதுபோல் குறுக்கே வந்தார். மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். ஏணிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். பின்னால் பெட்டிக்குள் பொடி ஒரு தும்மல் போட்டாள். மேனேஜர் பறந்துபோய் டேஷ்போர்டில் மோதிக் கீழே விழுந்து கிடந்தது. பெல்ட் அறுந்துபோகவில்லை. அவர் தைத்தது அறாது. ஆனால் அது இழுத்துப் பிடிப்பதற்குள் ஒரு சாண் தாமதமாகிவிட்டது.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் ஒரு சின்னப் பெண். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. தோளில் நல்ல அடி, எலும்பு தப்பித்தது. தையல் போட்டு, ஊசி போட்டுவிட்டு, அந்தப் பெல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப உறுதியா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"நான் தச்சது."

"இதான் உங்க தொழிலா?"

"ஆமாம்மா. வண்டி சீட்டு, பெல்ட்டு."

அவள் பெல்ட்டை நீட்டிப் பிடித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே சார்," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. "வயசாயிருச்சு இதுக்கு. இன்னொரு தடவை இப்படி அடிபட்டா தாங்காது. முன்னாடி உக்கார வைக்காதீங்க. பின்னாடி, குட்டையா கட்டி, படுத்த மாதிரி கூட்டிட்டுப் போங்க."

மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ள விட்டார்கள். மேனேஜரின் தோள் ஆறும்வரை அங்கேயே இருந்தார். ஒருநாள் காலை டீயைக் குடித்துவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்து பெல்ட்டை மடியில் போட்டார். கத்தரியை எடுத்தவர் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். டாக்டர் பார்க்கிறாளா, என்ன? இன்னும் கொஞ்ச தூரம், மெதுவாக, காலி ரோடாகப் பார்த்து முன்னால் வைத்துக்கொண்டு போனால் என்ன என்று மனசு பேரம் பேசிற்று. வெட்கங்கெட்ட மனசு. உடைந்த பல் தெரிய மேனேஜர் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வெட்டினார். வெட்டிய முனையை மடித்து, மெழுகு நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தார். அவர் வாழ்க்கையில் தைத்த தையலிலேயே மோசமான தையல் அது.

பின்னால் கட்டினால் மேனேஜர் ரகளை பண்ணும், பழக்க நாளாகும் என்று எண்ணித்தான் முட்டையெல்லாம் அவித்துத் துண்டு போட்டு வைத்திருந்தார். முட்டைக்கு வேலையே வரவில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவிலிருந்த அந்த இடத்தில் மேனேஜர் ஒரு சுற்றுச் சுற்றி, தொப்பென்று விழுந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது. இன்ஜினைப் போட்டார். காதைக்கூட அசைக்கவில்லை. மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் நாலு காலையும் நீட்டிக் குறட்டை.

மாஸ்டர் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதமும் அது எப்படி வந்தது என்று இப்போதுதான் கண்முன் வந்தது. சீட்டிலிருந்து பாதி தொங்கிக்கொண்டு, கியர் கம்பிக்கு மேலாகக் கழுத்தை வளைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் சறுக்கி, மறுபடி ஏறி, மறுபடி தலையைக் கொண்டுவந்து வைத்தது. ஒரு நாளாவது அது இப்படி நிம்மதியாகத் தூங்கிப் பார்த்திருக்கிறாரா? இல்லை. அதன் வசதிக்கென்று மச்சினனிடமும் சொன்னார், தனக்குத்தானேயும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிளம்பினார். பக்கத்து சீட்டில் தண்ணீர் கேனை வைத்தார். அசிங்கமாக இருந்தது. எடுத்துவிட்டுப் பையை வைத்தார். அதையும் எடுத்துவிட்டார். நாய்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். இவர் அரை மணிக்கொருமுறை நிறுத்திப் பின்கதவைத் திறந்தார். பொடி பெட்டியிலிருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டாள். மேனேஜர் தூக்கத்தைக் கெடுத்த ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. யாருக்கும் தண்ணீர்கூட வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவதாக நிறுத்திய இடத்தில், மரநிழலில், போன் அடித்தது. மச்சினன். மேனேஜர் அடிபட்டதை அன்றே அவனுக்குச் சொல்லியிருந்தார். பின்னணியில் ஷெட்டின் சத்தம், யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம்.

"எப்படி இருக்காரு நம்ம மேனேஜர்? பல்லு கட்டினாங்களா, பொக்கைவாயோடதான் வராரா?"

"தூங்கிட்டு வராரு."

"பின்னாடியா?"

"பின்னாடிதான்."

"கலாட்டா பண்ணலையே?"

"ஒண்ணும் பண்ணல. உடனே பழகிட்டாரு."

"பொடி?"

"அவ எப்பவும் போல."

"அப்ப நீங்க?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஏதாவது நக்கலாகச் சொல்லிப் போனை வைத்திருப்பார். இருவருக்கும் இடையில் அப்படித்தான் வழக்கம். அவள் போன நாளிலிருந்து அந்தப் பேச்சை எடுக்காமலிருக்கத்தான் இத்தனை கேலியும்.

"பக்கத்துல யாரும் இல்லடா," என்றார். "என்னால முடியல."

அந்தப் பக்கம் இரும்பு தட்டுகிற சத்தம் தள்ளிப் போயிற்று. எங்கோ ஒதுக்குப்புறமாகப் போயிருப்பான். லைன் அறுந்துவிட்டதோ என்று மாஸ்டர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"எனக்கும்தான் அத்தான்," என்றான்.

இது அவருக்குத் தோன்றவே இல்லை. தன் பெண்டாட்டி செத்துப்போனாள் என்பது மட்டுமே தெரிந்தது இத்தனை நாளும். அவனுடைய அக்காவும் அதே நாளில்தான் செத்தாள் என்பதை அவர் ஒருதரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு இவர் கிளம்பிவிட்டார். அவன் அந்த ஷெட்டிலேயே இருக்கிறான், பூட்டிய வீட்டுக்கு எதிரிலேயே. ஆறுதல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"சாப்டியாடா?"

"இல்ல."

"மணி என்ன ஆவுது. ஏன் சாப்பிடல?"

"தோணல அத்தான். எந்தக் கடையில சாப்பிட்டாலும் இறங்க மாட்டேங்குது."

மாஸ்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு யாரும் இவரைக் கேட்கப்போவதில்லை. முன்கதவைத் திறந்து, சுற்றிக்கொண்டு போய், பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"போய் ஏதாவது வாங்கிட்டு வா," என்றார். "வாங்கிட்டு வந்து எங்கிட்ட பேசிக்கிட்டே சாப்பிடு. நான் வைக்க மாட்டேன். லைன்லயே இருக்கேன்."