லீவு சொன்ன குரல்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். கூட்டம் ஜாஸ்தி என்றால் ஒன்றரை. அந்த நெரிசலில் லேப்டாப்பைத் திறக்க வழியே இல்லை. திறந்தால் பக்கத்தில் நிற்பவரின் பை ஏதாவது ஒரு பட்டனை அழுத்திவிட்டுத்தான் இறங்கும். அதனால் நாங்கள் பேசிக்கொண்டே போனோம். குழந்தை பிறந்து ஆறு வருடம் வேலையை விட்டிருந்தவள் நான். மறந்துபோன தொழிலில் பாதியை அந்தப் பேருந்துப் பேச்சில்தான் திரும்பப் பிடித்தேன்.

நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. என்னோடு சிதம்பரத்தில் ஏறுகிறவன் என்னைவிட நாலு வயது இளையவன், என்னை அக்கா என்பான். மூன்றாமவர் பரங்கிப்பேட்டைக்காரர். துபாயில் எட்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி பி.முட்லூரில் ஏறுவார். ஏறும்போதே பேச்சோடுதான் ஏறுவார்.

"மச்சான், நேத்து நீ மாத்துனதுக்கு அப்புறம் அட்டெண்டன்ஸ் பக்கம் தொறக்க மாட்டேங்குது."

"என் மெஷின்ல ஓடுதே மாமா."

"அப்ப உன் மெஷினத் தூக்கிக் கொண்டாந்து ஸ்கூல்ல வெச்சிட்டு வா."

இப்படித்தான் தொடங்கும். கழுத்து வலி, சென்னை நண்பர்களின் சம்பளம், கேட்டால் நிரல் எழுதித் தருகிற புதுச் செயலிகள், அவை எழுதியதைத் திருத்துவதற்குள் போகிற உயிர் என்று ஆலப்பாக்கம் வரைக்கும் ஓடும். எனக்குப் புரியாததைக் கேட்க முதலில் வெட்கமாக இருந்தது. ஒருநாள் துணிந்து மிகச் சாதாரணமான ஒன்றைக் கேட்டேன். இளையவன் சிரிக்கவில்லை. "அது எனக்கும் சரியா தெரியாதுக்கா, ரெண்டு பேரும் பாப்போம்" என்றான். அவனுக்கு அது நன்றாகவே தெரியும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அப்போது நான் வேலையில் ப்ரொபேஷன் என்கிற சோதனைக் காலத்தில் இருந்தேன். அது முடிய இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குமுன் நான் போன ஒவ்வொரு நேர்காணலிலும் "ஆறு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டு, பதிலைக் காதில் வாங்காமலே அனுப்பிவைத்தார்கள். இந்த வேலை போனால் கடலூர் மாவட்டத்தில் எனக்கு இன்னொன்று கிடைக்காது, சந்தேகமில்லை.

இளையவனுக்கு வேறொரு எதிர்பார்ப்பு. பொங்கலுக்குப் பிறகு கம்பெனி சிதம்பரத்தில் ஒரு கிளை திறக்கப் போகிறது, அதை அவன்தான் பார்த்துக்கொள்வான் என்று முதலாளி வாய்விட்டே சொல்லியிருந்தார். அவனுக்கு மகள் பிறந்து மூன்று மாதம். காலை ஏழரைக்குக் கிளம்பும்போது தூங்குகிறாள், இரவு திரும்பும்போதும் தூங்குகிறாள். "ஞாயித்துக்கெழமைதான்க்கா அவ கண்ணு என்ன கலருன்னே பாக்குறேன்" என்பான். விளையாட்டாகத்தான் சொல்வான், ஆனால் கிளைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனி பள்ளிகளுக்கான மென்பொருள் செய்கிறது. அதில் ஒரு வசதி, பதிவு செய்த குரலில் பெற்றோர்களுக்குத் தானாகப் போன் போகும். அந்தப் பகுதியில் ஒரு சின்னத் திருத்தம் செய்து சோதிக்கும் வேலை என்னிடம் வந்தது. சோதனைக்கென்று தனியாக ஒரு கணினி உண்டு. அதில் எங்கள் அலுவலகத்துப் போன் எண்கள் மட்டும்தான் இருக்கும். ஏதாவது பேசிப் பதிவு செய்து பட்டனை அழுத்தினால் எங்கள் போன்கள் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவர்கள் "ஒன் டூ த்ரீ" என்று சொல்லிப் பதிவு செய்வார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அது கார்த்திகை மாதம். மழைக்கு லீவு விடுவார்களா என்று மாவட்டத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம். ஆனால் அந்த வாரம் சுள்ளென்று வெயில். காலையில் என் மகள் "இன்னிக்காவது லீவுன்னு சொல்ல மாட்டாங்களாம்மா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பள்ளிக்குப் போயிருந்தாள். அந்த நினைப்பில், வானொலி அறிவிப்பாளர் போலக் குரலை மாற்றிக்கொண்டு, "பெற்றோர் கவனத்திற்கு. நாளை பள்ளிக்கு விடுமுறை" என்று பேசிப் பட்டனை அழுத்தினேன்.

அலுவலகத்தில் ஒரு போனும் அடிக்கவில்லை. ஓடவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை அழுத்தினேன்.

ஐந்து நிமிடம் கழித்து என் கணவர் சிதம்பரத்திலிருந்து போன் செய்தார். "ஸ்கூல்லேந்து ரெண்டு வாட்டி போன் வந்துச்சு, நாளைக்கு லீவாம். ஆனா பேசுறது நீ மாதிரியே இருக்கு. பாப்பா ஸ்பீக்கர்ல போடச் சொல்லிக் கேட்டுட்டு, அம்மாதான் லீவு விட்டாங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வரா."

போனைக் காதில் வைத்தபடியே திரைப் பக்கம் திரும்பினேன். திரையின் மேல் பகுதியில் எண்களின் பட்டியல் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்பது எங்கள் பழக்கம். நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். என் மகள் படிக்கிற அதே சிதம்பரம் பள்ளியின் பெற்றோர்கள், நானூறு பேருக்கு மேல், அசல் எண்களோடு வரிசையாக இருந்தார்கள்.

இளையவன் வந்து எட்டிப் பார்த்தான். பார்த்ததும் முகம் வெளுத்தது. "நான்தான்க்கா. சில பேருக்குப் போன் போவலன்னு கம்ப்ளெயிண்ட் வந்துச்சுல்ல, அதக் கண்டுபுடிக்க நேத்து அந்த லிஸ்ட்ட இதுல போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

உடனே திருத்தி இன்னொரு அறிவிப்பு அனுப்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு என்று ஒரு வரம்பு உண்டு. நான் இரண்டு தடவை அழுத்தியதில் அது தீர்ந்துபோயிருந்தது. இனி மறுநாள் காலைதான். மறுநாள் காலை அந்தப் பள்ளிக்கு ஆய்வு செய்ய அதிகாரிகள் வருகிறார்களாம். பள்ளித் தாளாளர் போனில் கத்தியது, புதுச்சேரி போயிருந்த எங்கள் முதலாளியின் போன் வழியாக எங்களுக்கும் வந்து சேர்ந்தது.

நான் அழ ஆரம்பித்திருந்தேன். பரங்கிப்பேட்டைக்காரர் பட்டியலை அச்சடித்து மூன்றாகக் கிழித்தார். "மேடம், அழுவுறத அப்புறம் அழுவலாம். ஆளுக்கு நூத்திச் சொச்சம் வருது. போன எடுங்க."

நிரல் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் மனிதர்களோடு பேசாமல் பிழைக்கலாம் என்றுதான் இந்தத் தொழிலுக்கே வருகிறோம். அன்று மாலை நாலரையிலிருந்து ஏழரை வரை மூன்று பேரும் பேசிய பேச்சை ஆயுளுக்கும் பேசியதில்லை. "தப்பா போன் வந்துடுச்சுங்க, நாளைக்கு ஸ்கூல் உண்டுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னோம். ஒரு தாத்தா, முன்னாடி சொன்ன பெண் நல்லபடியாகப் பேசியது, உங்களை எப்படி நம்புவது என்று என்னிடமே கேட்டார். அந்தப் பெண்ணே நான்தான் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நடுவில் டீ வந்தது. நான் குடிக்காமல் வைத்திருந்ததைப் பார்த்துப் பரங்கிப்பேட்டைக்காரர் சொன்னார்: "துபாய்ல ஒரு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல நான் ஒரு வரி மாத்துனேன். மறுநாள் காலைல வந்த ஆம்பளைங்க அத்தன பேருக்கும் பிரசவ வார்டுல பெட்டு போட்டிருந்துச்சு. நீங்க லீவுதான வுட்டீங்க, குடிங்க." அழுகையோடு சிரித்தும் தொலைத்தேன்.

இரவு வீட்டுக்குப் போனதும் கணவர் சொன்னார்: "ஒரு தம்பி போன் பண்ணாரு. எங்க தப்புங்க, மன்னிச்சுக்குங்கன்னு நாலு தடவ சொன்னாரு. நம்ம வீடுன்னு தெரியாம பேசுறாருன்னு நெனச்சேன். கடைசீல, அக்கா இன்னும் சாப்புடல, வந்தா எதுவும் கேக்காதீங்கன்னாரு." கணவரும் அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. மகள்தான் என்னை மன்னிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி எங்களை அறைக்குக் கூப்பிட்டார். பிள்ளைகள் பெரும்பாலும் வந்துவிட்டார்கள், ஆனால் இரண்டு வேன் வரவில்லை, இரண்டு வகுப்பு பாதி காலி. "ஸ்கூல்ல லெட்டர் கேக்குறாங்க. யாரால ஆச்சுன்னு பேரு போட்டுக் குடுக்கணுமாம். இல்லாட்டி வேற கம்பெனிய பாத்துக்குவாங்களாம். யாரு பேரப் போடட்டும்?"

இளையவன் ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. "என் பேரப் போடுங்க சார். நம்பரு நான் வெச்சது. அது இல்லன்னா இவுங்க நூறு தடவ அமுக்குனாலும் நம்ம போன்தான் அடிச்சிருக்கும்."

பார்க்காமல் அழுத்தியது நான், அதுவும் இரண்டு தடவை. சொல்ல வாயைத் திறந்தேன். பன்னிரண்டு நாள் ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

திரும்பும் பேருந்தில் அவனிடம் சொன்னேன், நான் பேசியிருக்க வேண்டும் என்று. "எதுக்குக்கா? நீங்களும் சொல்லியிருந்தா ரெண்டு பேரு பேரும் லெட்டர்ல போயிருக்கும். ஒண்ணு போதும்" என்றான். பிறகு முதல் நாள் விட்ட இடத்திலிருந்து அட்டெண்டன்ஸ் பக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

பன்னிரண்டு நாள் கழித்து என் வேலை நிரந்தரமானது. பொங்கல் முடிந்து சிதம்பரம் கிளை திறக்கும் நேரத்தில் அந்தப் பள்ளியிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. கிளைக்கு முக்கியமான வாடிக்கையாளர் அவர்கள்தான். லீவு விட்ட ஆள் அங்கே உட்காரக் கூடாது என்றார்கள். முதலாளி என்னை அனுப்பினார்.

என் வீட்டிலிருந்து கிளைக்கு நடந்தே பத்து நிமிடம். இளையவன் பழையபடி கடலூர்ப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாளும் முகம் கோணவில்லை. அங்கே தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு சிக்கல் என்றால் காலையில் பேருந்திலிருந்தே போன் செய்வான். கண்டக்டர் சத்தத்துக்கும் ஹார்னுக்கும் நடுவே, "அந்த ப்ரோக்ராம்ல மூணாவது வரிய மட்டும் வாசிங்கக்கா" என்பான். வாசிக்கும்போதே பிழை எனக்கே தெரிந்துவிடும். வைக்கும் முன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வான். கவிழ்ந்தாளாம், தவழ்ந்தாளாம், நடந்தாளாம். எல்லாம் அவன் மனைவி அனுப்பிய வீடியோவில் பார்த்தது. நான் "அப்படியா" என்பேன்.

இப்படி இரண்டரை வருடம் ஓடியது. பள்ளித் தாளாளர் மாதம் ஒரு முறை என்னைக் கூப்பிட்டு டீ வாங்கித் தருவார். கோபக்காரர், ஆனால் நல்ல மனிதர். போன வருடம் ஒருநாள், மதிப்பெண் பட்டியலில் வந்த ஒரு பெரிய கோளாறைச் சரி செய்து கொடுத்திருந்தேன். "நீங்க வந்தப்புறம் ஒரு கொறையும் இல்லம்மா. அந்த லீவு வுட்டவன் மாதிரி ஆளுங்க இருந்தா நாங்க என்னாவறது?" என்றார். இந்தப் பேச்சை முன்பும் கேட்டிருக்கிறேன், சிரித்து மழுப்பியிருக்கிறேன். ஆனால் அவர் பாராட்டிய அந்தக் கோளாறை அன்று காலை ஆலப்பாக்கத்துக்கும் கடலூருக்கும் நடுவில் நின்றுகொண்டே கண்டுபிடித்துச் சொன்னவன் அவன். டீ கிளாஸை மேஜைமேல் வைத்தேன்.

"அது நான் சார்" என்றேன். "குரல் என்னுது. பட்டன அமுக்குனதும் நான்தான், ரெண்டு தடவ. அவரு நம்பர எடுக்க மறந்தாரு, அவ்ளோதான். இன்னிக்குச் சரி பண்ணதும் அவருதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கிளையே போய்விட்டது என்று நினைத்தேன். போனாலும் பரவாயில்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"ரெண்டரை வருஷமா இங்க உக்காந்து டீ குடிச்சீங்களேம்மா" என்றார்.

"ஆமாம் சார்."

"அந்தப் புள்ள ஒரு வார்த்த சொல்லலியா?"

"இல்ல சார்."

அவர் போனை எடுத்து எங்கள் முதலாளியின் எண்ணைத் தேடினார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. அதனால் அவர் பேசியது முழுவதையும் கேட்டேன். என்னைப் பற்றி அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் எனக்குக் கிடைக்க வேண்டிய திட்டுதான்.

அடுத்த மாதம் முதல் தேதி அவன் சிதம்பரம் கிளைக்கு வந்தான். பொறுப்பு அவனுக்கு, நான் அவனுக்குக் கீழே. முறைப்படி அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு நன்றியை உருப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவன் வந்ததும், "ப்ரிண்டர் ஏங்க்கா இப்படிக் கத்துது?" என்று கேட்டபடி அதன் முன் குனிந்துவிட்டான். யோசித்து வைத்ததெல்லாம் அப்படியே நின்றுபோனது.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். வேலை நாளில் மதியம் அவன் வீட்டில் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவையாம். செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு சொன்னான்: "பாப்பா என்னப் பாத்துட்டு ஓடியாந்தாக்கா. இன்னிக்கு லீவாப்பான்னு கேக்குறா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ என்ன சொன்ன?" என்றேன்.

"இல்லம்மா, இனிமே தெனமும் வருவேன்னு சொன்னேன். அவ நம்பல."