என் மூலைக்கே வரட்டும்

போன ஞாயித்துக்கிழமை எங்க ஹைதராபாத் குகட்பள்ளி கம்யூனிட்டி ஹால்ல நான் அடிச்ச ஸ்மாஷைப் பாத்து ஜனமே எழுந்து நின்னுச்சு!

சரி... பொய். எழுந்தது ஒரே ஆளு. காலனி செகரெட்டரி சுந்தரேசன் சார். பந்து அவரோட டீ கிளாஸ்ல விழுந்துடுச்சு.

டேபிள் டென்னிஸ் மிக்ஸட் டபுள்ஸ், செமி ஃபைனல். நானும் என் வீட்டம்மா மல்லிகாவும் ஜோடி. ஜெயிச்சோம். அதாவது, அவ ஜெயிச்சா... நான் கூட நின்னேன். மல்லாபூர் ஃபேக்டரியில வேலை பாக்கறவ; சாப்பாட்டு நேரத்துல அங்க ஆடியே கத்துக்கிட்டா. நான்? எட்டாங்கிளாஸ் ஃபெயில். ஐ.டி. கம்பெனிக்கு கேப் ஓட்டறேன்.

மாடி வீட்டு கார்த்தி சாஃப்ட்வேர் ஆளு, மதுரைக்காரன். எங்க மேட்ச் எல்லாத்தையும் வீடியோ புடிச்சு, லேப்டாப்ல மெதுவா ஓட்டிக் காட்டினான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பந்து மேசையில பட்டு எழும்புறப்பவே அக்கா அடிச்சிடறாங்க. நீங்க அது மேல போயி, கீழ வந்து, சாகப் போறப்ப அடிக்கறீங்க."

"கடைசி ஆசை கேக்க வேணாமா தம்பி?"

"அதுவும் எங்க அடிக்கறீங்க? எதிராளி கைக்கு வாகா, நேரா அவன்கிட்டயே!"

"கேப் டிரைவர்ப்பா. வீட்டு வாசல்ல எறக்கி விட்டே பழக்கம்."

கூட உக்காந்து பாத்த செகரெட்டரி சிரிக்கல. "ஃபைனல் தார்நாகா காலனி ஜோடியோட. அவங்க சும்மா விட மாட்டாங்க. மல்லிகாவோட கார்த்தி ஆடட்டுமேய்யா. ஆளை மாத்திக்கலாம்னு ரூல்ல இருக்கு."

கம்ப்யூட்டர் சொன்னது அத்தனையும் நெசம். அதான் எரிச்சல்! பொய்யா இருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்ல? என் பொண்டாட்டிக்குப் பக்கத்துல நிக்கிற எடத்தை ஒரு பொட்டி புடுங்குதே!

மல்லிகா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினா. "கார்த்தி, இவரு அடிச்சதை விடு. இவருக்கு வந்ததைக் காட்டு."

காட்டினான். எந்த ஜோடியா இருந்தாலும், என் இடது பக்கத்து மூலைக்கேதான் போட்டிருக்காங்க. அங்க நான் ஓடிப் போறதுக்குள்ள பந்து எறங்கிடுது. அதான் லேட்டு.

"அப்ப எங்க வரும்னு தெரிஞ்சு போச்சுல்ல? முன்னாடியே போய் அங்க நிக்கட்டும்."

"அவங்க மூலைய மாத்திட்டா அக்கா?"

"மாத்தட்டும். நம்மளப் பாத்து மாத்த வேண்டி வந்துச்சுல்ல, அது போதும்."

செகரெட்டரி இழுத்தாரு. "இருந்தாலும் கப்பு..."

"கப்பு நக்கோ சார், வேணவே வேணாம். இவரு இல்லாம நான் மேசைகிட்டயே வர மாட்டேன்." என்னைப் பாத்து, "நீங்க என்ன பல்லைக் காட்டறீங்க? பேட்டை எடுங்க."

வாரம் பூரா அந்த ஒரே மூலைக்குப் போட்டுப் போட்டு வாட்டி எடுத்துட்டா. எழும்புறப்பவே அடின்னு திட்டு வேற. பத்துல நாலு சரியா அடிக்கறேன்... சரி, மூணு. தோத்தாலும் நானே தோப்பேன்ங்க, எனக்குப் பதிலா இன்னொருத்தன் ஜெயிக்க வேணாம்!

இத ஹால்ல உக்காந்துதான் எழுதறேன். தார்நாகா ஜோடி மேசைகிட்ட வார்ம்-அப் பண்றாங்க. அந்த ஆளு உசரத்தைப் பாத்தா, அவன் அடிக்கிற பந்து—

"என்னங்க, கூப்பிடறாங்க!"

இருங்க. செகரெட்டரி மைக்ல பேரு வாசிக்கறாரு. மொதல்ல மல்லிகா... அடுத்து...

என் பேருதாங்க!