கடைப் பேச்சுக்கு நாலு பேட்டரி

ஒரு நாள் மத்தியானம், கடைக்கு யாரும் வராதபோது, ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பக்கமும் எழுதினேன். இடது பக்கம் என்னிடம் இருப்பவை: தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம் ரேடியோ மெக்கானிக் படித்த சான்றிதழ், மல்டிமீட்டர், கரண்டில் காயும் சால்டரிங் அயன், சர்க்யூட் படங்கள் வரைந்த நோட்டு, பெயர்ப்பலகை. வலது பக்கம், சந்தைத் திடலில் ரேடியோ பழுது பார்க்கும் அவளிடம் இருப்பவை: எட்டாம் வகுப்பு, கரி அடுப்பில் காய்ச்சி ஈயம் பற்றவைக்கும் செம்புக் கட்டி ஒன்று, இடுப்பில் குழந்தை, சிரிப்பு. கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: ஜமுனாமரத்தூரில் கெட்டுப்போகும் எல்லா ரேடியோக்களும்.

அந்தத் தாளை யாரிடமும் காட்டவில்லை. கிழிக்கவும் இல்லை.

எனக்கு ஊர் ஆலங்காயம். படிப்பு முடிந்ததும் அப்பா என்னை மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு அனுப்பியதற்குக் காரணம், என் சித்தி அங்கே வாழ்க்கைப்பட்டிருந்ததும், சித்தப்பா வீட்டின் முன்னறையில் பாதியைக் கடைக்கு விட்டுத்தரச் சம்மதித்ததும்தான். ஆனால் அப்பா கெடு வைத்திருந்தார். தை மாதத்துக்குள் கடை தன் காலில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பலகையைக் கழற்றிவிட்டு, திருப்பத்தூரில் மாமா சொல்லிவைத்திருந்த டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்விட வேண்டும். நான் வந்தது ஆடி மாதம். ஆவணி முடியும்வரை வந்த வேலைகள்: டார்ச் லைட் இரண்டு, கடிகாரம் ஒன்று, குடை ஒன்று. குடையைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அவள் கடை சந்தைத் திடலின் மறுகோடியில் இருந்தது. கடை என்று சொல்வதே அதிகம். ஓலைச் சார்ப்பு, ஒரு பெட்டி, ஒரு கோணிச் சாக்கு. பலகை கிடையாது. டார்ச் லைட்டுகளைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே ரேடியோ பழுது பார்க்கக் கற்றுக்கொண்டவள். அந்தக் கோணிச் சாக்கின்மேல் எப்போது பார்த்தாலும் மூன்று நான்கு ரேடியோக்கள் வரிசையாக இருக்கும். பால் வாங்கப் போகும்போது எண்ணிப் பார்ப்பேன். பால் கடை அந்தப் பக்கம் இல்லை.

அவளுக்கு ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. ரேடியோ சங்கத்திலிருந்து வந்தார்கள்.

பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னால் மரப்பெட்டிக்குள் ஒரு ரேடியோ இருந்தது. சந்தை நாளில் பொழுது சாயும்போது விவசாய நிகழ்ச்சியைக் கேட்க முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியைச் சாத்திவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். சாமையில் பூச்சி, மாட்டுக்குக் கழிச்சல், புளி உலுக்க ஆள், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். தெரிந்தவர் பதில் சொல்லலாம். யாருக்கும் தெரியாத கேள்வியைப் பள்ளிக்கூட வாத்தியார் நோட்டில் எழுதி ரேடியோ நிலையத்துக்குத் தபாலில் அனுப்புவார். சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. தன் கடையைப் பற்றியோ தன் சரக்கைப் பற்றியோ அங்கே பேசுகிறவர், பஞ்சாயத்து ரேடியோவுக்கு அடுத்த பேட்டரி வாங்கித் தர வேண்டும். பெரிய பேட்டரி, நாலு. முன்பு ஒரு உர வியாபாரி கீழேயிருந்து வந்து, பஸ் போகிற வரைக்கும் தன் மூட்டையைப் பற்றியே பேசினாராம். அன்றைக்கு ஊர்க்கவுண்டர் போட்ட சட்டம். "நம்ம ரேடியோ யாவாரிங்க வாயிலதான் ஓடுது" என்று அங்கே ஒரு கேலி உண்டு.

இந்தச் சட்டம் தெரியாமல் நான் சங்கத்துக்குப் போன முதல் வாரமே எழுந்து நின்றேன். தயார் செய்துகொண்டு போயிருந்தேன். என் கடையில் செய்யப்படும் வேலைகள் மொத்தம் ஏழு. ஏழையும் வரிசையாகச் சொன்னேன். யாரும் குறுக்கிடவில்லை. மரியாதையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாவது முடிந்ததும் வாத்தியார் பேனாவைத் திறந்தார்.

"முடிச்சிட்டியாம்மா?"

"முடிச்சிட்டேன் சார்."

"நாலு பேட்டரி."

அவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் சிரிக்கவில்லை. அதுதான் உறுத்தியது.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் போய், பேசாமல் உட்கார்ந்து அவளைக் கவனித்தேன். பழைய பேட்டரியைப் பகலில் கழற்றி வெயிலில் வைத்தால் இன்னும் நாலு நாள் ஓடும் என்று ஒரு பெரியவருக்குச் சொன்னாள். செட்டுக்குள் குளவி கூடு கட்டியிருந்தால் கோழி இறகால் தட்டிவிட்டால் போதும், கடைக்கெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று இன்னொருவருக்குச் சொன்னாள். ரேடியோ மட்டுமில்லை, குழந்தைக்குச் சளி, மண்ணெண்ணெய் எப்போது வரும், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. தன் கடையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வெளியூர்க்காரர் ஒருவர் அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று கேட்டார். "அத்தச் சொன்னா வாத்தியாரு பேட்டரி கேப்பாருங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. பக்கத்திலிருந்த நாலு பேர் கையை நீட்டி அவருக்கு ஓலைச் சார்ப்பைக் காட்டினார்கள்.

அவள் சொன்ன பதில்களில் பாதிக்கு எனக்கு அவளைவிட நன்றாகக் காரணம் தெரியும். வெயிலில் வைத்த பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று படம் போட்டு விளக்கியிருப்பேன். ஆனால் கேள்வி வரும்போதெல்லாம், பதில் சொன்னால் கடைக்கு வரமாட்டார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு திட்டம் போட்டேன். என் கடையைப் பற்றி நான்தானே பேசக்கூடாது, வேறொருவர் பேசலாம். சித்தி வீட்டுக்கு வாரம் ஒருமுறை தேன் கொண்டுவரும் ஓர் அக்கா இருந்தாள். ஒரு மணி நேரம் நடந்து வர வேண்டிய சிற்றூர்க்காரி. அவளுடைய டார்ச் லைட்டை நான் சரிசெய்து கொடுத்ததிலிருந்து என்மேல் பிரியம். தாளில் எழுதினேன்:

ஒன்று, அக்கா எழுந்து, வீட்டு ரேடியோ கரகரக்கிறது, யாரிடம் காட்டலாம் என்று கேட்க வேண்டும்.

இரண்டு, நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்று, சித்தப்பா யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் விட்டு, கடை வீதியில் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாளே என்று சொல்ல வேண்டும். "எங்க வூட்டுப் பொண்ணு" என்று சொல்லக் கூடாது. இதை அடிக்கோடிட்டேன்.

அடுத்த சந்தை நாளில் அக்கா எழுந்தாள். பிசகாமல் கேட்டாள். ஊர்க்கவுண்டரின் முகம் மலர்ந்தது.

"இன்னாம்மா, ரேடியோ வாங்கிட்டியா? சொல்லவே இல்ல?"

"பொட்டு வெக்காம எப்பிடி வூட்டுக்குள்ள கொண்டுபோன?" என்றார் இன்னொருவர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

எனக்குத் தெரியாத ஒரு வழக்கம் அங்கே இருந்தது. மலையில் யார் ரேடியோ வாங்கினாலும் முதலில் சங்கத்துக்குக் கொண்டுவந்து, பஞ்சாயத்து ரேடியோ பக்கத்தில் வைத்து, குங்குமம் இட்டு, பாடவிட்ட பிறகுதான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எந்த வீட்டில் ரேடியோ இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஆலங்காயத்தில் எங்கள் தெருவில் எத்தனை ரேடியோ என்றுகூட எனக்குத் தெரியாது. நான் அந்தக் கணக்கில், அக்கா வீட்டில் இல்லாத ரேடியோவுக்குத் திட்டம் போட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து சித்தப்பா, மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்த இடைவெளி முடிந்துவிட, "கடை வீதியில படிச்ச பொண்ணு ஒருத்தி இருக்குதே" என்றார்.

"இவரு எதுக்குப்பா மனப்பாடம் ஒப்பிக்கிறாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அக்காவின் கண்கள் என்னைத் தேடின. வீட்டுக்காரனுக்குத் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். எப்போது வாங்கினாய் என்று இன்னொருவர். அக்கா விற்பது தேன். அதில் வெல்லப்பாகு கலக்கவில்லை என்பதற்கு அவள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. முப்பது பேர் முன்னால் பொய் சொன்னாள் என்று ஆகிவிட்டால் மறுவாரம் யார் வாங்குவார்கள்? இது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. விளங்கியும் நான் தாளில் எழுதியிருந்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"அது என் செட்டுங்க" என்றாள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள், குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டே. "என் கடையில பாடாம கெடந்துச்சு. மேல அவங்க ஊர்ல வெச்சா ஸ்டேஷன் எடுக்குதா பாருன்னு நான்தான் அக்காகிட்ட குடுத்தேன். பாடாத செட்டுக்கு எப்பிடிங்க பொட்டு வெக்கிறது?"

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வாத்தியார் மட்டும் பேனாவைத் திறந்தார்.

"என் கடையிலன்னு சொன்னியாம்மா?"

"சொல்லிட்டேனுங்க."

"நாலு பேட்டரி."

சங்கத்தில் அவள் கட்டிய முதல் அபராதம் அது.

மறுநாள் காலையில் ஒரு துணிப் பையோடு என் கடைக்கு வந்தாள். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழை நிதானமாகப் பார்த்தாள். பையிலிருந்து மூடி உடைந்த ஒரு செட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தா, சர்டிபிகேட்டம்மா. அடுத்த சந்தைக்குள்ள இது பாடணும். நான் மூணு மாசம் பாத்துட்டு வுட்டது. பாடலன்னா அந்தக்கா தேனு விக்காது, மொத்தத்தையும் நீதான் குடிச்சாவணும்."

எனக்காக ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"உனக்காகன்னு நெனச்சிக்கினியா? எம் பையனுக்கு அந்தக்காகிட்டதான் தேன் வாங்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செட்டைத் திறந்தேன். உள்ளே அவள் பற்றவைத்த இடங்கள் தனியாகத் தெரிந்தன. கரியில் காய்ச்சிய செம்புக் கட்டியால் வைத்த ஈயம், ஒவ்வொன்றும் மிளகு அளவில், பளபளவென்று, ஒன்றுகூட வழியாமல் இருந்தது. எனக்குப் பாடம் எடுத்தவர்கள் வைத்ததைவிட நன்றாக இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தேன். எங்காவது ஒரு இடத்தில் மோசமாக இருக்காதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன்.

பழுது நான்காம் நாள் கிடைத்தது. ஆசிலேட்டர் காயில் என்கிற கம்பிச் சுருளுக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று அறுந்திருந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, மீட்டர் வேண்டும். இதை அவளால் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று மூன்று முறை சொல்லிக்கொண்டேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

சந்தை நாளில் அக்கா அந்தச் செட்டை என்னிடமிருந்து வாங்கிக் கொண்டுவந்து பஞ்சாயத்து ரேடியோ பக்கத்தில் வைத்தாள். வாத்தியார் வீட்டம்மா குங்குமம் வைத்தார். குமிழைத் திருப்பியதும் பாடியது. ஊர்க்கவுண்டர் செட்டுக்குச் சொந்தக்காரியான அவளைப் பார்த்து, கெட்டிக்காரி என்றார்.

"நான் இல்லீங்க. நான் கைவுட்ட செட்டு அது. அதோ, அந்தப் பொண்ணுதான் பண்ணிச்சு."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் தாளில் எழுதி, அடிக்கோடிட்டு, மூன்று பேரை வைத்து நடத்தப் பார்த்த காரியம், அவள் வாயிலிருந்து ஒரே வாக்கியத்தில் நடந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள்மேல் அத்தனை எரிச்சல் எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. இனி என் கடைக்கு வருகிற ஒவ்வொரு செட்டும் அவள் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

பையில் நாலு பேட்டரி வாங்கி வைத்திருந்தேன். அவளிடம் தனியாகக் கொடுத்துக் கடனைத் தீர்ப்பதற்காக வாங்கியவை. எழுந்துபோய் வாத்தியார் முன்னால் வைத்தேன்.

"போன வாரம் நானும் கடைப் பேச்சு பேசினேன் சார். அக்கா வாயால. அந்தக் கேள்வி நான் சொல்லிக்கொடுத்தது. எதுக்குன்னு அக்காவுக்குத் தெரியாது."

நேர்மையாகத்தான் சொன்னேன் என்று பிறகு சித்தியிடம் கூறினேன். நேர்மையால் சொல்லவில்லை. அவள் செய்த உபகாரத்தை அவள் கையிலிருந்து பிடுங்க வேண்டும் என்றிருந்தது. அக்காவின் தேனைப் பற்றி எழுந்து நின்ற பிறகுதான் நினைத்தேன். கடைசி வாக்கியத்தை அதற்காக அவசரமாகச் சேர்த்தேன். சித்தப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இவ எதுக்கு நாலு குடுத்தா?" என்று ஊர்க்கவுண்டர் அவளைக் காட்டிக் கேட்டார்.

"பாத்தீங்களா" என்றாள் அவள். "பேட்டரியும் போச்சு, நான் சொன்ன ஒரே பொய்யும் போச்சு. அதையும் இவளே எடுத்துக்கினா."

கூட்டம் சிரித்தது. சிரிப்பும் அவள் பக்கமே போயிற்று. அவளுடைய நாலையும் நானே திருப்பித் தர வேண்டும் என்று முடிவானது. ஆக, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எட்டு. வாத்தியார் நோட்டில் எழுதினார். அக்காவின் தேன் அந்த வாரமும் விற்றது. யாருக்கும் அக்காமேல் கோபமில்லை. அந்தச் செட்டைச் சொந்தக்காரி அக்காவிடம் திருப்பிக் கேட்கவும் இல்லை.

தை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஆலங்காயத்திலிருந்து மலை பஸ்ஸில் வந்தார். பஸ் நின்ற இடத்தில், ஊருக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்க, பலகையில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கடையை விசாரித்திருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. ஆலங்காயத்திலிருந்து வந்து ரேடியோ ரிப்பேர் செய்கிற பெண் என்றதும், "எட்டு பேட்டரி கடையா? அதோ அங்க போங்க" என்று காட்டியிருக்கிறார்கள். அது என்ன பெயர் என்று அப்பா கேட்டார். இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன்.

அலமாரியில் ஆறு செட் இருந்தன. ஒவ்வொன்றிலும் கட்டியிருந்த சீட்டை அப்பா படித்துப் பார்த்தார். ஆறில் நாலு, அவளால் முடியாமல் எனக்கு அனுப்பியவை.

"இவ்ளோ பேரு எப்பிடிம்மா வந்தாங்க?"

"சங்கத்துல சொன்னாங்கப்பா" என்றேன்.

யார் சொன்னது என்று அப்பா கேட்கவில்லை. வேலை வேண்டாமென்று மாமாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிட்டு, மத்தியான பஸ்ஸில் இறங்கிப் போனார். அவரை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது சந்தைத் திடலைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அவளுடைய கோணிச் சாக்கின்மேல் அன்றைக்கு ஏழு இருந்தன.