டேங்கில் கட்டிய பல் பிரஷ்

ஆளுயரம் வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் புகுந்து மருந்து அடிப்பது சவரிமுத்துவுக்கு இப்போதெல்லாம் மலை ஏறுகிற மாதிரிதான். முதுகில் பதினாறு லிட்டர் டேங்கு, மூக்கையும் வாயையும் மூடிய துணி, முழுக்கைச் சட்டை. காலை வெயிலுக்கே மூச்சு வாங்கியது. டேங்கின் வாரில் ஒரு பழைய பல் பிரஷ் நூலில் கட்டித் தொங்கியது.

கட்டியவள் அவர் மனைவி மார்கரெட். மருந்து பீச்சும் குழாய் முனையான நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவதுதான் சவரிமுத்துவின் இருபது வருஷப் பழக்கம். அந்தப் பக்கத்தில் மருந்து அடிக்கிறவர்கள் பலரும் அப்படித்தான். போன போகத்தில் அப்படி ஊதிய ஒரு நாள், எச்சில் நூலாக ஒழுக, கண் மங்கி வரப்பிலேயே சரிந்தார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நாலு நாள். திரும்பி வந்ததும் மார்கரெட் பிரஷைக் கட்டிவிட்டாள்.

"இனிமே அதுல வாய வச்சே, இந்த வூட்ல சோறு கெடையாது."

இந்த வேலையையே விட்டுவிடலாம் என்றுதான் அவரும் நினைத்தார். வேறு வேலை தெரியாது.

அன்றைக்கு செடி வரிசைகளில் ஏழாவது சாலில் நாசில் அடைத்தது. டேங்கை இறக்கி, கையுறையோடு நாசிலைக் கழற்றி, தண்ணீரில் நனைத்துப் பிரஷால் தேய்க்க உட்கார்ந்தார்.

நிலத்துக்காரர் இளமாறன் வரப்பிலிருந்து வந்தார். "இன்னா சவரி, மருந்து அடிக்க வந்தியா, பல்லு வெளக்க வந்தியா?"

"ரெண்டே நிமிஷங்க."

"காத்து ஏறிக்கினு இருக்குது, அப்பறம் மருந்து அடிக்க முடியாது. எங்கப்பா காலத்துலேருந்து ஊதிக்கினுதான் இருக்கோம், இன்னா ஆயிடுச்சி? குடு இங்க."

நாசிலைப் பிடுங்கி உதட்டுக்குக் கொண்டுபோனார். சவரிமுத்து யோசிக்கவில்லை. அந்தக் கையைத் தட்டிவிட்டார். நாசில் மண்ணில் விழுந்தது.

கூலிக்கு வந்த ஆள் நிலத்துக்காரர் மேல் கை வைத்தது அந்தச் சோளக்கொல்லையில் அதுவரை நடந்ததில்லை.

"கைய நீட்டுறியா நீ?"

"வேலைக்கு வராதன்னு சொல்லுங்க, போயிடறேன். வாயில மட்டும் வெக்காதீங்க. நான் பட்டது போதும்." அதைச் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. "பக்கெட்டாண்ட சோப்பு கெடக்குது. கைய கழுவுங்க."

இளமாறன் எதையோ முனகிக்கொண்டு பக்கெட்டை நோக்கி நடந்தார்.

காற்று ஏறியபோது இரண்டு சால் மீதியிருந்தது. அதோடு நிறுத்திவிட்டு சவரிமுத்து டேங்கோடு வீட்டுக்கு நடந்தார். மார்கரெட் அவரை வாசலிலேயே நிறுத்தி, முதலில் பிரஷைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

"நாளைக்குக் கூப்புட்டாரா?"

"கூப்புடல."

"இன்னாதான் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கைய கழுவுனாரு."

அவள் தனி வாளியை முன்னால் நகர்த்தினாள். "சட்டையக் கழட்டி இதுல போடு. குளிச்சிட்டு உள்ள வா. சோறு இருக்குது."